மருத்துவமனை பார்க்காத இருபது நாட்கள்: முற்றிய தோல் புற்றுநோயில் வாழ்க்கைத் துணையைப் பார்த்துக்கொள்வது எப்படி

மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருத்துவர் என் கணவரைப் பத்து நிமிடம் பார்ப்பார். மீதமுள்ள இருபது நாட்களும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். முற்றிய நிலையில் உள்ள தோல் புற்றுநோயில் ஆபத்து பெரும்பாலும் அந்த இருபது நாட்களில்தான், வீட்டுக்குள்ளேதான் தலைகாட்டுகிறது என்பதைச் சென்னைத் தண்டையார்பேட்டையில் இரண்டரை ஆண்டுகள் பட்டுத் தெரிந்துகொண்டேன். கணவருக்கோ மனைவிக்கோ இந்த நோய் வந்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தோல் புற்றுநோய் என்றதும், அது வெள்ளைக்காரர்களுக்கு வெயிலால் வருவதாயிற்றே என்று உறவினர்கள் கேட்டார்கள். தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களில் தொடங்கும் மெலனோமா என்ற வகை நம் ஊர்க்காரர்களுக்கு அரிதாகத்தான் வருகிறது. ஆனால் வரும்போது பல நேரம் உள்ளங்காலிலோ உள்ளங்கையிலோ நகத்தின் அடியிலோ வருகிறது, அந்த இடங்களில் வருவதற்கு வெயில் முக்கியக் காரணமும் அன்று. 1981ஆம் ஆண்டு மறைந்த ஜமைக்காப் பாடகர் பாப் மார்லிக்கும் இந்த நோய் கால் விரல் நகத்தின் அடியில்தான் தொடங்கியது. என் கணவருக்கு இடது குதிகாலில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கரும்புள்ளி இருந்தது. அவருக்குச் சர்க்கரை நோயும் இருந்ததால் அதைக் கால் ஆணி என்றும், பிறகு சர்க்கரைப் புண் என்றும் சொல்லி, அருகிலிருந்த ஒரு சிறிய மருத்துவமனையில் எட்டு மாதம் சீவிச் சீவிக் கட்டுப் போட்டார்கள். தொடை இடுக்கில் நெறி கட்டிய பிறகுதான் சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நானே முன்னால் கவனித்திருக்க வேண்டும் என்ற குற்ற உணர்வு உங்களுக்கும் வரும். அதை உங்கள் அக்காவிடமோ தோழியிடமோ சொல்லி அழுதுவிடுங்கள். நோயாளியின் கட்டிலருகே கொண்டுபோகாதீர்கள், ஏனென்றால் அங்கே அவர்தான் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும்.

முதல் வேலை

ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, காய்ச்சல் எவ்வளவு, மலம் எத்தனை முறை, வலி பத்துக்கு எத்தனை, என்ன சாப்பிட்டார், எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். பின்பக்கத்தில் மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் நம் முறை வரும்போது நெஞ்சு படபடத்து எல்லாம் மறந்துபோகும். முதல் சந்திப்பில் மூன்று விஷயங்களைத் தெளிவாகக் கேட்டுவிட வேண்டும்: நுரையீரல், கல்லீரல், எலும்பு, மூளை ஆகியவற்றில் எங்கெல்லாம் பரவியிருக்கிறது; கட்டியில் பிராஃப் என்ற மரபணு மாற்றம் உள்ளதா என்று சோதித்தாயிற்றா; இந்தச் சிகிச்சை நோயை அகற்றுவதற்கா, அல்லது கட்டுப்படுத்தி வைப்பதற்கா. மூன்றாவது கேள்வியைக் கேட்க நாக்கு எழாது. எனக்கு இரண்டு மாதம் எழவில்லை, அந்த இரண்டு மாதமும் நான் வீட்டில் எடுத்த முடிவுகள் எல்லாம் குருட்டு முடிவுகளாகவே இருந்தன.

எதிர்ப்பு சக்தி மருந்து ஏற்றும் காலம்

பெம்பிரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற மருந்துகள், புற்று செல்களைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்ட நம் உடலின் எதிர்ப்பு சக்தியை மறுபடியும் தூண்டிவிடுகின்றன. இதற்கு வழிகோலிய ஆய்வுக்காகவே ஜேம்ஸ் அலிசன், டசுக்கு ஹோன்ஜோ இருவருக்கும் 2018ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. கீமோவைப் போல இதில் பொதுவாக முடி கொட்டுவதில்லை என்பதால், இதைச் சாதாரண ஊசி என்று வீட்டில் எல்லோரும் நினைத்துவிடுகிறார்கள். தூண்டிவிடப்பட்ட எதிர்ப்பு சக்தி சில நேரம் புற்றை விட்டுவிட்டு நம் குடலையோ நுரையீரலையோ கல்லீரலையோ தைராய்டையோ தாக்கத் தொடங்கும், மருந்தை நிறுத்திப் பல மாதம் கழித்தும் அப்படி நடக்கலாம்.

ஆகவே வழக்கத்தைவிட அதிகமாக வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம் அல்லது சளி, புதிதாக வந்த வறட்டு இருமல், இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்குவது, கண்ணில் மஞ்சள், கறுத்த சிறுநீர், விடாத தலைவலி, எழுந்திருக்கவே முடியாத அசதி ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், அடுத்த தேதி வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனையைக் கூப்பிட வேண்டும். ஒரு பொங்கலுக்கு முந்தைய நாள் என் கணவருக்கு ஆறு முறை போயிற்று. கறிக்குழம்பு சேரவில்லை போலும் என்று எண்ணி, மருந்துக்கடையில் பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கக் கிளம்பிவிட்டேன். வாசலில் செருப்பைப் போடும்போதுதான் நோட்டு நினைவுக்கு வந்தது. முந்தின நாள் நான்கு, அதற்கு முந்தின நாள் மூன்று என்று என் கையெழுத்திலேயே இருந்தது. மருந்தின் விளைவாகக் குடல் அழற்சி தொடங்கியிருந்தது. ஸ்டீராய்டு கொடுத்துச் சரிசெய்தார்கள். பண்டிகை முடியட்டும் என்று நான் தள்ளிப்போட்டிருந்தால் குடல் ஓட்டையாகும் அளவுக்குப் போயிருக்கலாம் என்று பின்னர் சொன்னார்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும் என்பதால், சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் விரலில் குத்திப் பார்க்கும் கருவி அவசியம் இருக்க வேண்டும். அந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது, மருத்துவர் சொல்லும் கணக்கில் வாரக்கணக்காகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

பிராஃப் மாற்றம் உள்ளவர்களுக்கு டாப்ராஃபெனிப், டிராமெடினிப் என்ற மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுப்பதுண்டு. இவற்றைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும். இவற்றால் குளிரும் காய்ச்சலும் வருவது சகஜம் என்றாலும், அதையும் மருத்துவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். எந்தச் சிகிச்சையானாலும், நல்ல மனதோடு யார் கொண்டுவந்து கொடுத்தாலும், மருத்துவருக்குத் தெரியாமல் கஷாயமோ லேகியமோ கொடுக்காதீர்கள். கல்லீரல் பாதிக்கப்பட்டால் அது எந்த மருந்தால் வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போய், சிகிச்சையையே நிறுத்த வேண்டிவரும்.

புண்

இதைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை என்பதால் நான் விரிவாகச் சொல்கிறேன். தோல் புற்று வெளியே வெடித்துப் புண்ணானால் நீர் வடியும், இரத்தம் கசியும், எல்லாவற்றுக்கும் மேலாக நாற்றம் வரும். ஒரே அறை கொண்ட வீட்டில், மே மாத வெயிலில், அந்த நாற்றம் மனிதர்களைப் பிரித்துவிடும். என் கணவர் தம் பாயைத் தாமே இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் படுத்தார். “புள்ளைங்க மூஞ்ச சுளிக்குதுங்கம்மா, நான் இங்கயே கெடக்கிறேன்” என்றார்.

நாற்றத்துக்கு வழி உண்டு. புண்ணில் வளரும் ஒருவகைக் கிருமிகளே அதற்குக் காரணம். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணின் மேல் தூவச் சொல்லி மருத்துவர் எழுதித் தந்தார். சில நாட்களில் வாடை பெருமளவு அடங்கியது. கட்டு மாற்றுவதற்கு அரை மணி நேரம் முன்பாக வலி மாத்திரை கொடுத்துவிட வேண்டும். அரை லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு ஆறவைத்து, அந்த நீரைப் பழைய கட்டின் மேல் மெதுவாக ஊற்றி, துணி தானாக நெகிழ்ந்து வரும் வரை பொறுத்திருக்க வேண்டும். காய்ந்த துணியைப் பிய்த்தால் இரத்தம் பீறிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு, டெட்டால் போன்றவை நல்ல சதையையும் அரித்துவிடும் என்பதால் அவற்றைத் தவிர்க்கச் சொன்னார்கள். பச்சிலை அரைத்து வைப்பதும் கூடாது. இரத்தம் வந்தால் சுத்தமான துணியை மடித்து வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும், அப்படியும் நிற்காவிட்டால் 108 தான். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் அடர்சிவப்பில் நான்கு துண்டு வாங்கி வைத்தேன். வெள்ளைத் துண்டில் ஒரு கைப்பிடி இரத்தம் ஒரு குடம் போலத் தெரிந்து நோயாளியைக் கலங்கடிக்கும், சிவப்பில் அவ்வளவு தெரியாது.

இந்த நோய் தொட்டால் ஒட்டாது. அவரைக் கழுவிக் கட்டிய பிறகு, கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் கையால் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருப்பேன். பாய் உள்ளே வந்தது.

தொடை இடுக்கு நெறியை அறுவை செய்து எடுத்திருந்தால் அந்தக் கால் வீங்கும். எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்க்கக் கூடாது, வீட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்கவிடக் கூடாது. கால் சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் உடனே காட்ட வேண்டும்.

வலியும் வலிப்பும்

மார்ஃபின் என்றால் கடைசி மருந்து, போதை மருந்து என்ற பயம் நம் தெருக்களில் அதிகம். வலிக்காக அளவோடு கொடுக்கும்போது அது போதை அடிமைத்தனம் ஆகாது, ஆயுளைக் குறைப்பதும் இல்லை. சாதாரண மார்ஃபின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வருவதற்கு முன்பே, மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்துவர வேண்டும். வலி வந்த பிறகு துரத்தினால் பிடிக்க முடியாது. மலச்சிக்கல் கட்டாயம் வரும் என்பதால் மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் மற்ற வலி மாத்திரைகளை நீங்களாகச் சேர்க்காதீர்கள், சிறுநீரகம் தாங்காது.

மெலனோமா மூளைக்குப் பரவக்கூடியது. வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க அக்கம்பக்கத்தார் ஓடிவருவார்கள். அவர்களை அன்போடு விலக்கிவிட்டு, அவரைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், மணியைப் பார்த்துக்கொண்டே 108ஐ அழையுங்கள்.

எங்கே போவது, பணத்துக்கு என்ன செய்வது

நம் பகுதிக்கு அரசு ஸ்டான்லி மருத்துவமனைதான் கைக்கெட்டும் தூரம். 1954ஆம் ஆண்டு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தால், 2021ஆம் ஆண்டு விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோவில் ஏறிச் சின்னமலையிலோ கிண்டியிலோ இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். பேருந்துக் குலுக்கலைவிடப் புண்ணுக்கு இதுவே இதம். தொழிலாளர் காப்பீடு உள்ளவர்கள் அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையையும், ரயில்வே குடும்பத்தினர் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையையும் முதலில் கேட்க வேண்டும்.

எதிர்ப்பு சக்தி மருந்து லட்சக்கணக்கில் செலவு வைக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது, ஆனால் உங்கள் மருந்து அதில் அடங்குமா என்பதை மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுப் பிரிவில் முதல் தவணைக்கு முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றில் பத்துப் பத்து நகல் எடுத்து வையுங்கள். தாலியையும் வீட்டையும் அடகு வைப்பதற்கு முன், இந்த மருந்தால் எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம் என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். உள்ளங்கால் வகை மெலனோமாவில் இம்மருந்துகளுக்குப் பலன் பொதுவாகச் சற்றுக் குறைவு. அதைத் தெரிந்துகொண்டு, அவரையும் வைத்துக்கொண்டே முடிவெடுப்பதுதான் நியாயம்.

ஐப்பசி பிறப்பதற்குள் இரண்டு வார மருந்தும் கட்டுத்துணியும் வாங்கி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் பரண்மேல் வைத்துவிடுங்கள். 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். அந்த டப்பா இல்லாவிட்டால் வலி மாத்திரையின்றி அவர் துடித்திருப்பார்.

மறைக்க வேண்டாம்

மாமியாரும் நாத்தனாரும், அவரிடம் நோயின் நிலையைச் சொல்லவே கூடாது என்றார்கள். நானும் ஸ்கேன் அறிக்கையை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தேன். ஒருநாள் இரவு அவரே கேட்டார்: “டாக்டர் இன்னா சொன்னாரு? நீ பாத்ரூம்ல அழுதது எனக்குக் கேட்டுச்சு. எங்கிட்ட சொல்லும்மா.” “நுரையீரலுக்கும் வந்துடுச்சுங்க” என்றேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, கூட்டுறவுச் சங்கக் கடன் பாக்கி எவ்வளவு, யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்; விடியும் வரை நான் நோட்டில் எழுதினேன். நோயாளி கேட்கும் அளவுக்குச் சொல்லுங்கள், கேட்காததைத் திணிக்காதீர்கள், கேட்டதைப் பொய்யால் மூடாதீர்கள்.

வாரத்தில் இரண்டு இரவாவது வேறொருவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத் தூங்குங்கள். தூக்கம் கெட்டவருக்கு மாத்திரைக் கணக்கு தவறும். மனம் மிகவும் உடைந்தால் 14416 என்ற டெலிமானஸ் அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கடைசி வாரங்கள்

மருத்துவமனையா வீடா என்பதை அவருக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே கேட்டு வையுங்கள். வீடுதான் என்றால், 2021ஆம் ஆண்டு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வலி நிவாரணக் கவனிப்புக்காக உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். பசி அடங்கிவிடும், ஊட்டாமல் பட்டினி போடுகிறாள் என்று யாராவது சொன்னாலும் வற்புறுத்தி ஊட்டாதீர்கள், புரையேறிவிடும். ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தால் போதும். வீட்டிலேயே உயிர் பிரிந்தால் இறப்புக்கான காரணத்தை எழுதிச் சான்றளிக்கும் மருத்துவர் யார் என்பதை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும், மயானத்தில் அந்தத் தாளைக் கேட்பார்கள். 21 நாளுக்குள் மாநகராட்சியில் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும்.

மீதமாகும் மார்ஃபினை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. மூலகொத்தளம் மயானத்தில் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்த பதினாறாம் நாள் கழித்து, மீதியிருந்த பதினான்கு மாத்திரைகளை எண்ணிக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வலி நிவாரணப் பிரிவுக்குப் போனேன். அந்தச் செவிலியர் தாமும் ஒருமுறை எண்ணிவிட்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் பதினான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.