மெட்டல் பாட்டுக்குள் இருக்கும் புத்தகத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

பழைய ஹார்ட் ராக், மெட்டல் பாடல்களைக் கேட்கத் தொடங்கியவர்களுக்குச் சில நாளிலேயே ஒரு சந்தேகம் வரும். காதல், பைக், குடி என்று போய்க்கொண்டிருக்கும் ஆல்பத்தில் திடீரென்று மந்திரவாதி எங்கிருந்து வந்தார்? பெரும்பாலும் ஒரு நாவலிலிருந்துதான். எந்த நாவல், அது பாட்டுக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். ஹெட்போனும், இணையத்தில் கிடைக்கும் பாடல் வரிகளும் இருந்தால் போதும். கிடார் வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை.

படி 1: பெயர்களைப் பொறுக்குங்கள்

லெட் செப்பலினின் 'ரேம்பிள் ஆன்' (1969) பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வரிகளைப் படித்தால் மோர்டோர், கோல்லம் என்று இரண்டு பெயர்கள் கண்ணில் படும். இரண்டுமே ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் வருபவை. மோர்டோர் தீயவனின் நாடு, கோல்லம் ஒரு மாய மோதிரத்தின்மேல் பைத்தியமாய் அலையும் பிராணி. அது 1954-55இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1965இல் அமெரிக்காவில் மலிவு விலைப் பதிப்பு வந்தபிறகு கல்லூரி மாணவர்கள் கையில் எல்லாம் அந்தப் புத்தகம்தான். பாட்டு எழுதும் இளைஞர்கள் மட்டும் எப்படித் தப்புவார்கள்?

சரி, இப்போது அந்த வரிகளை நாவலோடு ஒப்பிடுங்கள். பாட்டில் கோல்லம் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறான். நாவலில் அவனுக்கு அந்த மோதிரத்தைத் தவிர எதுவும் கண்ணில் படாது! ஆக, இது ஊர் ஊராகத் திரியும் ஒருவனின் காதல் பாட்டு. நாவல் அதில் தாளித்துக் கொட்டிய கடுகு மாதிரி. பெயர் வந்துவிட்டது என்பதற்காகவே 'டோல்கீன் பாட்டு' என்று முத்திரை குத்திவிடாதீர்கள்.

படி 2: பெயருக்கு அப்பால் கேளுங்கள்

அதே குழுவின் 'தி பேட்டில் ஆஃப் எவர்மோர்' (1971) வேறு ரகம். கறுப்பு உடையில் குதிரையேறி வரும் மோதிரப் பேய்கள் இதிலும் டோல்கீனிடமிருந்து வந்தவர்கள்தான். ஆனால் இசையைக் கவனியுங்கள். டிரம்ஸ் கிடையாது. குழுவின் கிடார் கலைஞர் ஜிம்மி பேஜ் மாண்டலின் வாசிக்கிறார். பாடகர் ராபர்ட் பிளான்ட் கதை சொல்ல, நாட்டுப்புறப் பாடகி சாண்டி டென்னி ஊர்மக்களை எச்சரிக்கும் குரலாகப் பதில் பாடுகிறார். மின்சாரம் வராத காலத்துப் போர் ஒன்றைக் கேட்கிற உணர்வு வருகிறது. நாவல் பெயராக நிற்காமல் ஒலியாக மாறும் இடம் இது.

வரிகளில் ஆவலான் என்றும் வரும். அது ஆர்தர் மன்னன் கதைகளில் வரும் தீவு. டோல்கீனின் நாவலில் தேடினால் கிடைக்காது. ஒரே பாட்டில் இரண்டு மூன்று மூலங்கள் கலப்பது சகஜம், குழம்ப வேண்டாம்.

படி 3: தலைப்பையும் தேதியையும் சரிபாருங்கள்

பிளாக் சபாத்தின் 'தி விசார்ட்' (1970) பாட்டை எழுதியபோது டோல்கீனின் மந்திரவாதி கண்டால்ஃபை மனதில் வைத்திருந்ததாக அதன் பேஸ் கிடார் கலைஞர் கீசர் பட்லர் சொல்லியிருக்கிறார். ஆனால் மந்திரவாதி வந்தாலே நாவல் என்று அர்த்தமில்லை. ரெயின்போவின் 'ஸ்டார்கேசர்' (1976) பாட்டில் பறக்க ஆசைப்படும் மந்திரவாதி ஒருவன் அடிமைகளை வைத்துக் கோபுரம் கட்டுகிறான், கடைசியில் விழுந்து சாகிறான். நாவல் போலவே இருக்கும். ஆனால் அது குழுவின் பாடகர் ரானி ஜேம்ஸ் டியோ தானே புனைந்த கதை. தேதி இன்னும் எளிது: டோல்கீனின் இன்னொரு புத்தகமான 'தி சில்மரிலியன்' வெளிவந்தது 1977இல். அதற்கு முந்தைய பாட்டில் அதைத் தேடுவது வீண்வேலை.

படி 4: டோல்கீனை விட்டு வெளியே வாருங்கள்

என்னைக் கேட்டால் மெட்டலின் இருண்ட பாதிக்குச் சொந்தக்காரர்கள் மிகைப்புனைவு எழுத்தாளர் மைக்கேல் மூர்காக்கும் திகில் கதை எழுத்தாளர் லவ்கிராஃப்டும்தான். தொடக்கநிலை வழிகாட்டிகள் பலவும் டோல்கீனோடு நின்றுவிடுகின்றன, அது ஒரு குறைதான்.

மூர்காக்கின் நாயகன் எல்ரிக் ஒரு நோயாளிப் பேரரசன். எதிரிகளின் உயிரைக் குடித்து அவனுக்குத் தெம்பூட்டும் கறுப்பு வாள் ஒன்று வைத்திருக்கிறான். அந்த வாள் இல்லாமலும் முடியாது, அதை அடக்கவும் முடியாது. இந்தக் கதையைப் புளூ ஆய்ஸ்டர் கல்ட் குழு 'பிளாக் பிளேட்' (1980) என்று பாடியது. வரிகளை எழுதியதில் மூர்காக்குக்கே பங்கு உண்டு. ஹாக்விண்ட் குழு 1985இல் எல்ரிக்கை வைத்து ஒரு முழு ஆல்பமே போட்டது. எனவே பாடலாசிரியர் பெயர்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சில சமயம் நாவலாசிரியரே அங்கே இருப்பார்.

லவ்கிராஃப்ட் விஷயத்தில் காதைத்தான் நம்ப வேண்டும். மெட்டாலிக்காவின் 'தி கால் ஆஃப் க்துலு' (1984) கிட்டத்தட்ட ஒன்பது நிமிடம் ஓடும். ஒரு வார்த்தை கிடையாது. 1928இல் வந்த லவ்கிராஃப்ட் சிறுகதையின் பெயர் மட்டும்தான் தலைப்பில் இருக்கிறது. முதல் நிமிடத்தில் வரும் மெல்லிய கிடார் எப்படிப் படிப்படியாகக் கனமாகிறது என்று கேளுங்கள். கடலடியில் தூங்கும் ஒன்று புரண்டு எழுவதைச் சொல்ல வரி எதற்கு? அப்புறம் அதே குழு லவ்கிராஃப்டை வைத்துச் செய்த 'தி திங் தட் ஷுட் நாட் பி' (1986) கேளுங்கள். கிடார் தந்திகளை ஒரு முழு சுரம் இறக்கி வாசித்திருக்கிறார்கள். அந்த ஆல்பத்தின் மற்ற பாடல்களைவிட இது சேற்றில் நடப்பது போல ஒலிக்க அதுவும் ஒரு காரணம்.

படி 5: நீளமான பாட்டுக்கு மூலத்தை முதலில் படியுங்கள்

அயர்ன் மெய்டனின் 'ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மாரினர்' (1984) 13 நிமிடத்துக்கு மேல் போகும். மூலம் நாவல் அல்ல, ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1798இல் வெளியிட்ட கவிதை. சபிக்கப்பட்ட மாலுமியின் கதை என்பதால் மிகைப்புனைவு வாசகர்களுக்கு அந்நியமாகத் தெரியாது. அரை மணியில் படித்துவிடலாம். படித்துவிட்டுக் கேட்டால், நடுவில் இசை அடங்கி மரப்பலகைகள் முனகும் பகுதி ஏன் அவ்வளவு நேரம் நீள்கிறது என்று தானாகப் புரியும்.

இதே குழு 'டியூன்' என்ற அறிவியல் புனைகதை நாவலை வைத்தும் ஒரு பாட்டு செய்தது. அந்தப் பெயரை வைக்க நாவலாசிரியர் ஃபிராங்க் ஹெர்பர்ட் தரப்பு அனுமதி தரவில்லை. அதனால் 1983இல் 'டு டேம் எ லேண்ட்' என்ற பெயரில் வந்தது. தலைப்பை மட்டும் பார்ப்பவர்களுக்கு அது டியூன் பாட்டு என்றே தெரியாது.

படி 6: ஒரு முழு ஆல்பம்

கடைசியாக, ஜெர்மனியின் பிளைண்ட் கார்டியன் 1998இல் வெளியிட்ட 'நைட்ஃபால் இன் மிடில்-எர்த்'. முழுக்க 'தி சில்மரிலியன்'. பாடல்களுக்கு நடுவே சின்னச் சின்ன நாடகத் துண்டுகளும் வரும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள், தலை சுற்றும். 'டைம் ஸ்டாண்ட்ஸ் ஸ்டில்' பாட்டை மட்டும் எடுங்கள். எல்ஃப் அரசன் ஃபிங்கோல்ஃபின் தன்னந்தனியாகப் போய்த் தீயசக்தியின் தலைவன் மார்காத்தைச் சண்டைக்கு அழைக்கும் பகுதி அது. புத்தகத்தில் அந்தச் சண்டை நடக்கும் பக்கங்களை முதலில் படியுங்கள். அவன் மார்காத்தை ஏழு முறை காயப்படுத்துகிறான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வரிகளைத் திறந்து வையுங்கள். எது புத்தகத்திலிருந்து அப்படியே வந்திருக்கிறது, எதைப் பாட்டுக்காகச் சேர்த்திருக்கிறார்கள் என்று நீங்களே பென்சிலால் குறித்துவிடலாம்.