பிளாகர் தளத்தின் மெனுவை கூகுளுக்கு ஏற்றபடி அமைப்பது எப்படி?

கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாகரில் (பிளாக்ஸ்பாட்டில்) எழுதும் தமிழ்ப் பதிவர்கள் பலரும் தளத்தின் மேலே ‘சமையல்’, ‘பயணம்’, ‘நூல் அறிமுகம்’ என்று மெனு வைத்திருக்கிறார்கள். தொட்டால் பதிவுகள் வரிசையாக வரும், வாசகருக்குக் குறையில்லை. ஆனால் பெரும்பாலான தளங்களில் கூகுள் அந்த மெனு வழியாக உள்ளே போவதே இல்லை. ஆண்டுக்கணக்கில் உழைத்து எழுதியவை தேடலில் தென்படாமல் கிடக்க இதுவும் ஒரு காரணம். சரிசெய்ய நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டாம்.

முதலில் ஒரு சோதனை. கணினியில் தளத்தைத் திறந்து, மெனுவில் ஏதாவது ஒரு தலைப்பின் மேல் மவுஸை வையுங்கள். உலாவியின் கீழ் மூலையில் முகவரி தெரியும். தளத்தின் பெயரை அடுத்து ‘சர்ச்’, ‘லேபிள்’ என்ற ஆங்கிலச் சொற்கள் வந்தால் அது லேபிள் பக்கம், அதாவது ஒரே குறிச்சொல் இட்ட பதிவுகளை பிளாகர் தானாகத் திரட்டிக் காட்டும் பக்கம். அடுத்து, தள முகவரிக்குப் பின் ஒரு சாய்கோடு போட்டு ‘ரோபோட்ஸ் டாட் டிஎக்ஸ்டி’ என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். தேடுபொறிகள் எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று சொல்லும் கோப்பு அது. பிளாகர் தானாகத் தரும் கோப்பில், ‘சர்ச்’ என்று தொடங்கும் முகவரிகள் எல்லாவற்றுக்கும் தடை இருக்கும். முகப்பின் அடியில் வரும் ‘பழைய இடுகைகள்’ இணைப்பும் இந்தத் தடைக்குள்தான் வருகிறது. ஆக, பழைய பதிவுகளுக்குப் போகும் பெரிய வழிகள் இரண்டும் அடைப்பு. தளத்தின் முகவரிகளைப் பட்டியலிடும் சைட்மேப் கோப்பின் மூலம் கூகுளுக்கு முகவரிகள் கிடைத்துவிடும், உண்மைதான். ஆனால் ஒரு பதிவு எதைப் பற்றியது, தளத்தில் அதற்கு என்ன இடம் என்பதை இணைப்புகள்தான் உணர்த்துகின்றன.

தடையையே நீக்கிவிடலாமே என்று தோன்றும். செட்டிங்ஸில் அதற்கு வசதியும் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். லேபிள் பக்கங்கள் ஒரே பதிவுகளை வேறு வேறு முகவரிகளில் திரும்பத் திரும்பக் காட்டுபவை. அவற்றைத் திறந்துவிட்டால் கூகுளின் நேரம் அங்கேயே கழியும்.

அதைவிட நல்ல வழி, ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு தனிப் பக்கம். பிளாகரில் ‘பேஜஸ்’ பகுதிக்குப் போய்ப் புதிய பக்கம் தொடங்குங்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. தமிழில் தலைப்பு வைத்தால் முகவரி வெறும் ‘பிளாக் பேஜ்’ என்று அமைந்துவிடும். அதனால் முதலில் ஆங்கில எழுத்தில் ‘சமையல்’ என்று தலைப்பிட்டு வெளியிடுங்கள், அப்புறம் தலைப்பைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முகவரி மாறாது.

பக்கத்தில் நாலைந்து வரி அறிமுகம் எழுதி, கீழே பதிவுகளின் பட்டியலைக் கொடுங்கள். இணைப்பாக மாற்றும் சொற்களில்தான் விஷயமே இருக்கிறது. ‘வத்தக்குழம்பு செய்ய இங்கே சொடுக்கவும்’ என்று எழுதி ‘இங்கே’ என்பதற்கு மட்டும் இணைப்புக் கொடுப்பது நம்மிடம் வழக்கம். கூகுள் அந்தச் சொல்லைப் பார்த்து எதைப் புரிந்துகொள்ளும்? ‘செட்டிநாட்டு வத்தக்குழம்பு’ என்ற சொற்களுக்கே இணைப்புக் கொடுங்கள். பார்வையற்றோர் திரைவாசிப்பானில் இணைப்புகளை மட்டும் தனியே கேட்டுப் போவதுண்டு, அவர்களுக்கும் இது பெரிய உதவி. படத்துக்கு இணைப்புக் கொடுத்தால் அதன் ‘ஆல்ட்’ பெட்டியில் விவரம் எழுத மறக்காதீர்கள். படத்துக்கு அந்த எழுத்துதான் இணைப்புச் சொல்.

இனி லேஅவுட் பகுதியில் பழைய லேபிள் இணைப்புகளை எடுத்துவிட்டு, புதிய பக்கங்களை மெனுவில் சேருங்கள். கைப்பேசியில் முகவரியை நகலெடுத்தால் கடைசியில் ஒரு கேள்விக்குறியும் ‘எம் = 1’ என்பதும் ஒட்டிக்கொண்டு வரும். அதை வெட்டிவிட்டுச் சேருங்கள்.

வெளியிலிருந்து இறக்கிய தீம் (தள வடிவமைப்பு) என்றால் இன்னொன்றையும் பாருங்கள். மெனுத் தலைப்பின் மேல் வலது சொடுக்குச் செய்யும்போது ‘புதிய தாவலில் திற’ என்ற தெரிவு வரவில்லையா? அப்படியானால் அது பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலால் இயங்கும் பொத்தானாக இருக்கும். கூகுள் பொத்தான்களை அழுத்திப் பார்க்காது. முகவரி எழுதப்பட்ட உண்மையான இணைப்பைத்தான் அது பின்தொடரும். அப்படிப்பட்ட தள வடிவமைப்பை மாற்றிவிடுவதே நல்லது.

இனி எழுதும் பதிவுகளுக்கு, வெளியிடும் முன்பே ‘பெர்மாலிங்க்’ பகுதியில் ஆங்கில எழுத்தில் முகவரி கொடுங்கள். சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வேண்டாம், சிறுகோடு போடுங்கள். கூகுள் சொல்வதும் அதுதான். பழைய பதிவுகளின் முகவரிகளைத் தொடாதீர்கள். மற்றவர்கள் ஏற்கெனவே கொடுத்திருக்கும் இணைப்புகள் உடைந்துபோகும்.

எல்லாம் முடிந்ததும், தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியில் புதிய பக்கங்களின் முகவரிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து, கூகுளின் தேடல் அட்டவணையில் சேர்க்கக் கோருங்கள். சில வாரம் கழித்து அங்கேயே ‘லிங்க்ஸ்’ பகுதியில் உள்ளிணைப்புகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள். மெனு எல்லாப் பக்கத்திலும் இருப்பதால், புதிய தலைப்புப் பக்கங்கள் அதன் மேல்வரிசைக்கு வந்திருக்க வேண்டும்.