தண்ணீரில் நின்றுபோன வண்டியும் தவிர்க்க வேண்டிய தவறுகளும்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பட்டறைக்கு வரும் வண்டிகளின் சாயலே மாறிவிடும். அதுவரை கிளட்ச் தேய்ந்தது, ஏசி குளிரவில்லை என்று ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் போய், கயிறு கட்டி இழுத்து வருகிறவர்கள் வரத் தொடங்குவார்கள். ஆட்கள் புதிது, தவறு பழசு. முதல் கார் வாங்கி முதல் மழையைப் பார்க்கிறவர், கல்லூரிக்கு ஸ்கூட்டரில் போகும் பிள்ளை, எங்களிடம் வேலை பழக வந்த பையன் என்று யாராக இருந்தாலும், இதே பட்டறையில் நாங்களெல்லாம் பழகிய காலத்தில் நடந்த கூத்து அப்படியே திரும்ப நடக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

டயரில் பட்டன் இருக்கிறதா பாருங்கள், வைப்பர் ரப்பரை மாற்றுங்கள், மெதுவாகப் போங்கள் என்பதையெல்லாம் சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களும் செய்கிற தவறுகள்தான் இங்கே.

நின்றுபோன என்ஜினை அங்கேயே ஸ்டார்ட் செய்து பார்ப்பது

இது ஒன்றைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன். மற்றதெல்லாம் நூறு, ஆயிரத்தில் முடியும். இது சில சமயம் வண்டியின் விலையில் பாதியைத் தின்றுவிடும்.

மணிநகரம் கர்டர் பாலத்தடியில் தண்ணீர் தேங்குவது மதுரைக்காரர்களுக்குப் புதிதல்ல. போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி அங்கே ஒரு டீசல் கார் நின்றுவிட்டது. திருமங்கலத்துக்காரர், வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கியது. தண்ணீர் கதவின் அடிவிளிம்புக்கு மேலே ஏறியிருந்ததாம். வண்டி ஆஃப் ஆனதும் சாவியைத் திருப்பியிருக்கிறார். எடுக்கவில்லை. பக்கத்தில் நனைந்துகொண்டு நின்ற நாலு பேர் "இன்னொரு தடவை அடிங்க சார், எடுத்துரும்" என்றிருக்கிறார்கள். அடித்திருக்கிறார். மச்சினன் இறங்கி வந்து, "நீங்க தள்ளுங்க மாமா, நான் பார்க்கிறேன்" என்று அவரும் அடித்திருக்கிறார். மறுநாள் காலையில் பட்டறையில் நின்று அவர் சொன்னது இதுதான்: "கொஞ்சம் இருமுற மாதிரி வந்துச்சுண்ணே. எடுக்கப்போகுதுன்னு நெனச்சோம். அப்புறம் டக்குன்னு ஒரு சத்தம். அதோட சரி."

அந்த டக் சத்தத்தில் போனது கனெக்டிங் ராட், அதாவது பிஸ்டனை மேலும் கீழும் தள்ளும் தண்டு.

நடப்பது என்னவென்றால், என்ஜின் காற்றை இழுத்து, பிஸ்டனால் அழுத்தி, எரித்துத்தான் ஓடுகிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அமுக்கினால் காற்று கொஞ்சமாவது அமுங்கும். உள்ளே தண்ணீர் இருந்தால் கைதான் வலிக்கும், பம்பு நகராது. காற்று போகும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டால் அதே கதைதான். மேலே வரும் பிஸ்டனுக்குப் போக வழியில்லை. கீழிருந்து தள்ளும் வேகம் குறையவில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட கனெக்டிங் ராட் வளைகிறது.

இதற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கேட்பார்கள். 1,200 சிசி, நாலு சிலிண்டர் பெட்ரோல் கார் என்றால் ஒரு சிலிண்டருக்கு 300 சிசி. கம்ப்ரஷன், அதாவது உள்ளே வந்ததை அமுக்கும் விகிதம், ஏறக்குறைய 10-க்கு 1. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிச்சம் இருக்கும் இடம் 30 மில்லி சொச்சம்தான். டீசலில் கம்ப்ரஷன் 16-க்கும் மேலே என்பதால் இடம் இன்னும் குறைவு, 20 மில்லி போதும். இருமல் மருந்து மூடியில் இரண்டு மூடி. வாளி வாளியாக உள்ளே போக வேண்டியதில்லை.

செல்ஃப் மோட்டார் மட்டும் சுற்றினால் அதன் வேகம் குறைவு. நல்ல நேரமாக இருந்தால் இறுகிக்கொண்டு சுற்றாமல் நின்றுவிடும். ஆபத்து எங்கே என்றால், நாலு சிலிண்டரில் ஒன்றில் தண்ணீர் இருக்கும், பக்கத்துச் சிலிண்டரில் இருக்காது. தண்ணீர் இல்லாதது எரிந்து உதைக்கும், அந்த உதை தண்ணீர் உள்ளதன் மேல் போய் விழும். அவர் "இருமுற மாதிரி" என்று சொன்னாரே, அது அந்த உதைதான். அவர் நினைத்தது போல எடுக்கப்போகும் அறிகுறி இல்லை. கியரில் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்வது இதைவிட மோசம். மொத்த வண்டியின் எடையும் அந்த ராட் மேல் இறங்கும்.

ராட் லேசாக வளைந்து, வண்டி ஓடியும் விடலாம் என்பதுதான் இதில் பெரிய ஏமாற்று. ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காமல் ஓடும்போது, கொஞ்சம் ஆட்டம் இருக்கும், ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவாகக் காட்டும். "தண்ணியில போயிட்டு வந்தது, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவார்கள். சில மாதம் கழித்து நாலுவழிச் சாலையில் வேகமாகப் போகும்போது ராட் உடைந்து என்ஜின் பிளாக்கையே ஓட்டை போட்டுவிடும். அப்போது மழையை யாரும் நினைப்பதில்லை.

அப்படியானால் செய்ய வேண்டியது? என்ஜின் தண்ணீரில் நின்றதா, சாவியை எடுத்துப் பையில் போடுங்கள். பட்டன் ஸ்டார்ட் என்றால் பட்டனைத் தொடாதீர்கள். நியூட்ரலில் போட்டு மேட்டுக்குத் தள்ளுங்கள். முடிந்தால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். ரிக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். அவ்வளவுதான் ஓட்டுநரின் வேலை.

மீதி பட்டறையின் வேலை. முதலில் ஏர் ஃபில்டரைத் திறக்க வேண்டும். நனைந்திருந்தால் மேற்கொண்டு எல்லாமே தண்ணீர் உள்ளே போய்விட்டது என்ற எண்ணத்தில்தான். பிளக்குகளைக் கழற்றி (டீசலில் குளோ பிளக் அல்லது இன்ஜெக்டர்), என்ஜினை ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்ற வேண்டும். தண்ணீர் பிளக் ஓட்டை வழியாகப் பீய்ச்சும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ, பால் கலந்த நிறமாக இருந்தாலோ ஆயிலை இறக்க வேண்டும். கம்ப்ரஷன் பார்த்த பிறகுதான் செல்ஃப். எங்கள் பையன் ஒருவன் இவ்வளவையும் விட்டுவிட்டு, வேறு வண்டியிலிருந்து வயர் கொடுத்து "எடுக்குதான்னு பார்ப்போம்" என்று போனான். கையைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று. வாடிக்கையாளர் செய்தால் தெரியாமல் செய்கிறார் என்று விடலாம். மெக்கானிக் செய்தால் என்னவென்று சொல்வது.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முழு இன்சூரன்ஸ் இருந்தால் வெள்ளச் சேதத்துக்குப் பணம் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் என்ஜின் போனால், அது வெள்ளத்தால் வந்ததல்ல, அதற்குப் பிறகு நீங்கள் செய்ததன் விளைவு என்று பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள். 'என்ஜின் புரொடெக்ட்' என்று தனியாக ஒரு சேர்க்கை உண்டு, அதற்குத் தனிப் பணம் கட்டியிருக்க வேண்டும். 'பம்பர் டு பம்பர்' (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் பாலிசி) எடுத்திருக்கிறேனே என்பார்கள். அது வேறு, இது வேறு. திருமங்கலத்துக்காரரிடம் இன்சூரன்ஸிலிருந்து பார்க்க வந்தவர் கேட்ட முதல் கேள்வியே, "தண்ணிக்குள்ள ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா?" என்பதுதான். மனுஷன் கள்ளம் தெரியாமல், "ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பார்த்தோம் சார்" என்று சொல்லிவிட்டார்.

"முன்னால பஸ் போகுதே"

பஸ்ஸுக்குக் காற்று இழுக்கும் வாய் உங்கள் காரின் கூரை உயரத்தில் இருக்கலாம். உங்கள் காருக்கு அது பானட்டுக்குள் விளக்கு மட்டத்தில், ஸ்கூட்டருக்கு சீட்டுக்குக் கீழே. பஸ் போன இடத்தில் நீங்களும் போகலாம் என்று அர்த்தமில்லை. போதாக்குறைக்குப் பஸ் தள்ளிவிடும் அலை ஒன்று வரும். நின்ற தண்ணீர் முழங்கால் அளவுதான் என்று கணக்குப் போட்டு இறங்கியவரின் பானட் மேல் அது ஏறும். பெரிய வண்டி முழுதாகக் கடந்து, தண்ணீர் அடங்கிய பிறகுதான் நீங்கள்.

ஆழம் பார்க்கச் சாலை நடுவிலுள்ள சென்டர் மீடியன் கல்லைப் பாருங்கள். அது முங்கியிருந்தால் திரும்பிவிடுங்கள். சக்கரத்தின் பாதி உயரத்துக்கு மேல் தண்ணீர் என்றால் பேச்சே இல்லை.

இன்னொன்று, ஓடுகிற தண்ணீர் வேறு, நிற்கிற தண்ணீர் வேறு. ஓடும் தண்ணீர் ஓர் அடி ஆழம் இருந்தாலே சிறிய காரைத் தூக்கிவிடும், இரண்டு அடி பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போகும். யானைக்கல் தரைப்பாலத்தில் தடுப்பு வைத்திருந்தால் அதை நகர்த்திப் போகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. வைகையைப் பொறுத்தவரை உள்ளூர் வானத்தைப் பார்த்து முடிவெடுப்பதும் தப்பு. மழை வருசநாட்டு மலையில் பெய்திருக்கும், மதுரையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். வைகை அணையின் முழு உயரம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. மூன்றாவது எச்சரிக்கைச் செய்தி வந்துவிட்டால் ஆற்றைக் கடக்க மேம்பாலத்தை மட்டும் நம்புங்கள்.

சுரங்கப்பாதை

ராத்திரியில், தெரியாத ஊரில், தண்ணீர் நிற்கும் ரயில்வே சுரங்கப்பாதையில் இறங்கவே இறங்காதீர்கள். 2021-ல் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் ஒரு பெண் மருத்துவர் இப்படித்தான் காருக்குள்ளேயே இறந்தார்.

ஆட்டோ ஸ்டாப் வசதியை அணைக்காமல் இறங்குவது

புது வண்டிகளில் சிக்னலில் நின்றால் என்ஜின் தானாக அணைந்து, கிளட்சை மிதித்தால் தானாக ஸ்டார்ட் ஆகும். பெட்ரோல் மிச்சம் என்று எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. தண்ணீருக்கு நடுவில் முன்வண்டி நின்று நீங்களும் நின்றால், நான் மேலே இவ்வளவு நேரம் எழுதிய தவறை வண்டியே உங்களுக்காகச் செய்துவிடும். இறங்குவதற்கு முன்பே அந்தப் பட்டனை அமுக்கி நிறுத்திவிடுங்கள். பிறகு முதல் கியர், ஒரே சீரான ஆக்சிலேட்டர். நடுவில் கியர் மாற்ற வேண்டாம்.

பிரேக்

கரையேறியதும் லேசாக மிதித்துக்கொண்டே கொஞ்ச தூரம் ஓட்டிக் காயவைத்துவிட்டு, அப்புறம் வேகம் எடுங்கள்.

ஒருமுறை ஆயில் மாற்றிவிட்டு முடிந்தது என்று நினைப்பது

தண்ணீர் போன என்ஜினில் முதலில் ஊற்றும் ஆயில் கழுவுவதற்குத்தான். கொஞ்ச தூரம் ஓடியதும் அதையும் இறக்கிவிட்டுப் புது ஆயிலும் ஃபில்டரும் போட வேண்டும். கியர் ஆயிலை யாரும் கேட்பதில்லை. அங்கேயும் தண்ணீர் போகும். வீல் பேரிங் உடனே சத்தம் கொடுக்காது. கிரீஸ் கழுவிப்போய், வாரங்கள் கழித்துத்தான் ஊளையிடத் தொடங்கும். ஸ்கூட்டர் என்றால் பெல்ட் இருக்கும் பக்கத்து மூடியைத் திறந்து காயவைக்கச் சொல்லுங்கள். ஈர பெல்ட் வழுக்கும், ஆக்சிலேட்டர் கொடுத்தால் சத்தம் மட்டும் வரும்.

2024 அக்டோபர் 25 அன்று செல்லூர்ப் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர் நின்றதே, அது வெறும் மழைத்தண்ணீரா? சாக்கடையும் கலந்ததுதான். அந்தத் தண்ணீர், வயர்களை இணைக்கும் கப்ளருக்குள் காய்ந்தால் பச்சை பிடிக்கும். இன்று எரியும் விளக்கு தை மாதத்தில் அணைந்து அணைந்து எரியும். கப்ளர்களைக் கழற்றித் துடைத்துக் காற்றடித்து மாட்டும் வேலைக்குக் கூலி கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். அது உண்மையான வேலை.

நனைந்த வண்டியைத் தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடுவது

உள்ளேயே ஈரம் நிற்கும், துரு பிடிக்கும், எலி குடியேறும்.

எலியைப் பற்றிக் கூட ஒரு வரி. அடைமழை விடாமல் பெய்தால் வளையில் தண்ணீர் புகுந்து, எலிகள் உலர்ந்த இடம் தேடி பானட்டுக்குள் வந்துவிடும். ஓட்டாமல் நிறுத்திய வண்டியை எடுக்கும் முன் பானட்டைத் திறந்து வயர்களைப் பாருங்கள்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டரை முங்கிய மறுநாளே சார்ஜ் போடுவது

வேண்டாம். வீட்டுக்குள்ளும் ஏற்ற வேண்டாம். வெளியே, தள்ளி நிறுத்திவிட்டுக் கம்பெனி ஆளைக் கூப்பிடுங்கள்.

மழை போன பிறகு மலிவாக வரும் கார்

தை, மாசியில் நல்ல விலைக்குக் கிடைக்கிறது என்று வண்டியைக் கூட்டிக்கொண்டு வந்து பார்க்கச் சொல்வார்கள். முங்கிய வண்டியைக் கழுவி, வாசனை அடித்து, சீட் உறை மாற்றி நிறுத்தினால் பழகிய கண்ணையும் ஏமாற்றும். கழுவ மறக்கிற இடங்கள் சில உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள், சுருளுக்குள் இருந்த பகுதியில் சேறு கோடு போட்டிருக்கும். ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் பாருங்கள். டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு டார்ச் அடித்து, சீட் கம்பிகளின் துருவையும் பாருங்கள். விற்கிறவர் "இப்பத்தான் சர்வீஸ் முடிச்சு வந்துச்சு" என்று எவ்வளவு சொன்னாலும், பெல்ட்டை இழுத்துப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.