பழைய தள்ளு புல்வெட்டியைத் தீட்டுவது எப்படி?

1830இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரௌட் பக்கம் எட்வின் பட்டிங் காப்புரிமை வாங்கிய உருளைப் புல்வெட்டியின் வாரிசுகள் அங்கே இன்னும் கொட்டகைகளில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. கையால் தள்ளும் வகை கிடைத்தால் விடாதீர்கள், மோட்டார் தொல்லை இல்லை.

சக்கரத்தைக் கழற்றும்போது உருளை அச்சின் முனையிலிருக்கும் சின்ன இரும்புக் கட்டை விழுந்து ஓடிவிடும், கீழே துணி விரியுங்கள் (ஒரு மாலை முழுக்கத் தவழ்ந்து தேடியிருக்கிறேன்). அப்புறம் கத்தி விளிம்புகளில் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் (உலோகத்தைத் தேய்க்கும் சொரசொரப்பான பசை) தடவி, அச்சில் டிரில்லை மாட்டி உருளையை மெதுவாகப் பின்பக்கமாகச் சுற்றி, உருளைக்குக் கீழே சுழலாமல் நிற்கும் அடிக்கத்தியை அதன் இருபக்கத் திருகுகளால் கொஞ்சங்கொஞ்சமாக நெருக்கிக்கொண்டே வாருங்கள், உரசல் சத்தம் எல்லாக் கத்தியிலும் ஒரே மாதிரி கேட்கும்வரை. விரலைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

பேஸ்ட்டை மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டு உருளைக் கத்திக்கும் அடிக்கத்திக்கும் நடுவே செய்தித்தாள் துண்டைக் கொடுத்துப் பாருங்கள். கத்தரிபோல வெட்டினால் சரி. மடித்து இழுத்தால் அந்தப் பக்கத் திருகை ஒரு துளி இறுக்குங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், நனைத்தே தேயுங்கள்.