மார்கழிப் பனியில் பல்லாண்டுப் பூச்செடி நாற்று எடுப்பது

இலங்கை மலைநாட்டில் நுவரெலியா, கந்தப்பளை, ராகலை, அக்கரப்பத்தனைப் பக்கங்களில் டிசம்பர் கடைசியிலிருந்து பெப்ரவரி வரை உறைபனி விழும். ஆனால் அது விடியப்புறத்தோடு சரி. அதிகாலையில் புல் வெள்ளைபூத்துக் கிடக்கும். பதினொரு மணிக்கு வெயில் முதுகைச் சுடும். பனிநாட்டு விதைப் பைக்கட்டில் உள்ள குறிப்பை இங்கே அப்படியே பின்பற்ற முடியாததற்கு இதுதான் காரணம். சில விதைகள் முளைக்கக் கேட்கிற இடைவிடாத குளிர் நம் மண்ணில் இல்லை. நாற்றைக் கருக்குகிற இராக்குளிர் மட்டும் இருக்கிறது. ஆகவே குளிரைப் பிரிட்ஜில் கொடுக்க வேண்டும். பனியைப் பொலித்தீன் கூடாரத்தால் தடுக்க வேண்டும்.

நேரத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். அதற்குள் வேர் பிடிக்காத லவெண்டரும் டெல்பினியமும் ஜூன் மாத ஈரத்தில் அழுகும். டிசம்பர் நடுவில் விதைத்தால் மார்ச் கடைசியில், ஏப்ரல் மழையை ஒட்டி நடலாம்.

லவெண்டர், ஸ்ட்ரோபெரி, அக்குலேஜியா விதைகளை நவம்பர் நடுவிலேயே குளிரில் வையுங்கள். ஒரு மேசைக்கரண்டி கழுவிய ஆற்றுமணலை ஈரமாக்குங்கள். கையில் பிழிந்தால் சொட்டக்கூடாது. விதையை அதில் கலந்து சிறு பையில் போட்டு, பெயரும் திகதியும் எழுதி, பிரிட்ஜின் மரக்கறித் தட்டில் 4 வாரம் வைக்க வேண்டும். 4 அல்லது 5 பாகை செல்சியஸ் போதும். உறையும் பெட்டியில் வைத்தால் ஊறிய விதை செத்துவிடும். வாரம் ஒருமுறை பையைத் திறந்து பாருங்கள். வெள்ளை முளை ஒன்று தெரிந்தாலும் உடனே விதைத்துவிடுங்கள். டயந்தஸ், கார்னேஷன், தைம் ஆகியவற்றுக்கு இந்த வேலை வேண்டாம். லூபின் விதையின் தோல் கடினமானது, அதை உப்புத்தாளில் இலேசாக உரசி ஒரு நாள் தண்ணீரில் ஊறவிட்டால் போதும்.

விதைக்கும் கலவைக்கு, இரண்டு முறை தண்ணீரில் அலசிய தும்புத்தூள் 2 பங்கு, சலித்த கூட்டெரு 1 பங்கு, ஆற்றுமணல் 1 பங்கு. மாட்டெரு சேர்க்கவே வேண்டாம். கலவையின் மேல் கொதிநீர் ஊற்றி, ஆறி வடிந்த பிறகு யோகட் கப்பில் நிரப்புங்கள். ஒவ்வொரு கப்பின் அடியிலும் 4 துளை. ஸ்ட்ரோபெரி, அக்குலேஜியா, தைம் விதைகளுக்கு வெளிச்சம் வேண்டும். மேலே தூவி விரலால் அழுத்தினால் போதும், மூடக்கூடாது. டெல்பினியத்துக்கு நேர்மாறு: 3 மில்லிமீற்றர் மூடி, முளைக்கும் வரை இருட்டில் வைக்க வேண்டும்.

லவெண்டரும் ஸ்ட்ரோபெரியும் முளைக்க 18 முதல் 20 பாகை வேண்டும். விறகு எரிகிற வீட்டில் அடுப்படியை ஒட்டிய சன்னல் அதற்கு நல்ல இடம். டெல்பினியத்தை அங்கே வைக்காதீர்கள்; 20 பாகைக்கு மேல் போனால் அது முளைக்கத் தயங்கும். லவெண்டர் ஒரு மாதம் வரை எடுக்கும். இரண்டு வாரத்தில் கப்பைக் கவிழ்த்துக் கொட்டிவிடாதீர்கள்.

முளைத்ததும் கூடாரத்துக்கு. 4 அடி அகலம், 8 அடி நீளமான பாத்திக்கு 13 அடி பிவிசி குழாய் 3 போதும். அரை அங்குலக் குழாயைப் பாதியாக வெட்டுங்கள். 2 அடிக்கு ஒன்றாக 5 வளைவு. இருபுறமும் இரும்புக் கம்பியை ஓர் அடி மண்ணில் இறக்கி, மேலே நிற்கும் ஓர் அடியில் குழாயைச் செருகுங்கள். உச்சியில் ஒரு மூங்கில் கட்டுங்கள். புறஊதாக் கதிர் தாங்கும் பொலித்தீன் 10 அடி அகலம், 13 அடி நீளம் வேண்டும். குழாய் படுகிற இடத்தில் துணி சுற்றாவிட்டால் வெயிலில் குழாய் சூடேறி, பொலித்தீன் அந்த வரியிலேயே கிழியும். மேற்குப் பக்கத்து ஓரத்தைப் பள்ளம் வெட்டி மண்ணில் புதையுங்கள். கிழக்குப் பக்கம் கல் வைத்தால் போதும், தினமும் திறக்க வேண்டியது அதுதான். கூடாரத்தை ஆற்றோரப் பள்ளத்தில் போடாதீர்கள். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதே தோட்டத்தில் சற்று மேலே உள்ள பாத்தி தப்பிவிடும்.

ஒற்றைப் பொலித்தீன் மட்டும் பனியைத் தடுத்துவிடும் என்று நம்ப வேண்டாம். பகலில் மண் வாங்கிய சூடு இரவில் அதனூடே வெளியேறிவிடும். கறுப்புப் பூசிய 1.5 லீற்றர் போத்தல் 12இல் தண்ணீர் நிரப்பி, வெயில் படும்படி நாற்றுகளுக்கிடையே நிறுத்துங்கள். பகல் சூட்டை அவை இரவில் மெதுவாக விடும். மாலை ஏழு மணிக்கு வானத்தைப் பாருங்கள். மூடுபனி இருந்தால் கவலையில்லை. காற்று அசையாமல் நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தால், அன்றைக்குப் பனி விழும். பழைய கம்பளியோ பசளைச் சாக்கோ கூடாரத்தின் மேல் போர்த்திவிடுங்கள். இலை பொலித்தீனில் படக்கூடாது. படுகிற இலைதான் முதலில் கருகும்.

இவ்வளவு செய்தும், பனியைவிட ஈரமே கூடுதல் நாற்றைக் கொல்லும். நாற்றழுகலைப் பார்த்தால் தெரியும்: இலை பச்சையாகவே இருக்கும், தண்டு மண்மட்டத்தில் நூலால் இறுக்கியதுபோல் ஒடுங்கி, செடி பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். மறுநாள் பக்கத்துச் செடியும் சாயும். இது பூஞ்சை வேலை. மூடிய கூடாரமும் மாலை நீரும் அதற்குத் தோது. விழுந்த நாற்றோடு அந்தக் கப்பையே அப்புறப்படுத்துங்கள். காலை 9 மணிக்குக் கிழக்குப் பக்கத்தைத் தூக்கிவிடுங்கள். அந்த நேரத்திலேயே, கப்பைத் தட்டில் வைத்து அடியிலிருந்து தண்ணீர் கொடுங்கள். பிற்பகல் மூடுபனி இறங்குமுன், மூன்றரை மணியளவில் மூடுங்கள். விதைத்த அன்றே மேலே மெல்லிய காய்ந்த மணல் தூவினால் தண்டின் அடி ஈரப்படாது. வெளிச்சம் கேட்கும் விதைகளுக்கு மட்டும் முளைத்த பிறகு தூவுங்கள்.

முளையோடு வரும் வித்திலைகளைச் சேர்க்காமல், நான்கு உண்மை இலை வந்ததும் தனித்தனிப் பைக்கு மாற்றுங்கள். நம் மண் புளித்தது, அதாவது அமிலத்தன்மை கூடியது. லவெண்டருக்கு மட்டும் 10 லீற்றர் கலவைக்கு ஒரு மேசைக்கரண்டி டொலமைற் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் தூள்) சேருங்கள். மார்ச்சில் பத்து நாள் பகலில் முழுதாகத் திறந்து பழக்கி, பிறகு அரை அடி உயர்த்திய பாத்தியில் நடுங்கள். அடியில் சல்லி போட்டால் ஜூன் மழை தேங்காது.