கஸ்வீன் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

வட ஈரானில் உள்ள கஸ்வீன் பலருக்கும் ஆலமூத் கோட்டைக்குப் போகிற வழியில் வரும் ஓர் ஊர், அவ்வளவுதான். தெஹ்ரானிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் என்பதால் ஊர், கோட்டை இரண்டையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்பத் திட்டம் போடுகிறார்கள். இதுதான் பெரிய தவறு. கோட்டைக்கான சாலை எல்புர்ஸ் மலையில் வளைந்து வளைந்து ஏறுகிறது. போய்வரவே பகல் முழுக்கப் போய்விடும். கோட்டைக்கு ஒரு நாள், ஊருக்கு ஒரு நாள் என்று ஒதுக்கி, இரவு கஸ்வீனிலேயே தங்குங்கள்.

ஏனென்றால் இது ஒருகாலத்தில் தலைநகரம். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் சஃபாவித் வம்ச மன்னர் ஷா தஹ்மாஸ்ப் தப்ரீஸ் நகரிலிருந்து அரசவையை இங்கே மாற்றினார். 1598இல் அதே வம்சத்து ஷா அப்பாஸ் அதை இஸ்ஃபஹானுக்குக் கொண்டுபோனார். அந்த அரண்மனை வளாகத்தில் மிஞ்சியது செஹல் சொதூன் என்ற சிறிய மாளிகை. இதே பெயரில் இஸ்ஃபஹானில் இருக்கும் பெரிய மாளிகையை மனதில் வைத்துக்கொண்டு வந்து, "இவ்வளவுதானா?" என்று பத்து நிமிடத்தில் கிளம்பிவிடாதீர்கள். இது அதைவிட ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பழையது. உள்ளே எழுத்துக்கலை அருங்காட்சியகம் இருக்கிறது. பாரசீக மொழியை எழுதும் நஸ்தலீக் என்ற அழகெழுத்தின் மேதை மீர் இமாத் பிறந்த ஊர் இது என்பதால் அதற்கு இங்கே தனிப் பொருத்தம் உண்டு.

ஆலமூத்தில் முழுக் கோட்டையை எதிர்பார்க்க வேண்டாம். 1090இல் நிஜாரி இஸ்மாயிலி என்ற ஷியா முஸ்லிம் பிரிவின் தலைவர் ஹசன் சபாஹ் கைப்பற்றிய கோட்டை 1256இல் மங்கோலியர்களிடம் விழுந்தது. மங்கோலியர்களோடு வந்த வரலாற்றாசிரியர் ஜுவைனி அங்கிருந்த நூலகத்தில் குர்ஆன் பிரதிகளையும் சில நூல்களையும் வானியல் கருவிகளையும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை எரித்துவிட்டார். இப்போது இருப்பவை பாறை உச்சியில் இடிந்த சுவர்கள்தான். அந்த நூலகத்தை நினைத்துக்கொண்டு மேலே நின்றால் மனம் கனத்துப்போகும். ஹசன் சபாஹின் ஆட்கள் இங்கே கஞ்சா கொடுத்துக் கொலைகாரர்களை வளர்த்தார்கள் என்ற கதையையும் அப்படியே நம்ப வேண்டாம். அதற்கு நம்பகமான சான்று இல்லை. குளிர்காலத்தில் பனி வழியை மறித்துவிடும், அப்போது போகாதீர்கள்.

ஊருக்குள் கஜார் வம்ச மன்னர்கள் காலத்து (19ஆம் நூற்றாண்டு) சாத் அல்-சல்தனே சத்திரத்தைக் கட்டாயம் பாருங்கள். செங்கல் கூரைகளின் கீழ் கடைகளும் தேநீர்க்கடைகளும் நீண்டுகொண்டே போகும். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், சந்தையில் பாதி மூடியிருக்கும்.

சாப்பாட்டில் கபாபோடு நிறுத்திவிடாதீர்கள். கஸ்வீனின் சொந்தச் சமையல் கீமே நெசார். சோற்றின் மேல் இறைச்சி, சீவிய பாதாம், பிஸ்தா, ஆரஞ்சுத் தோல், ஸெரெஷ்க் என்ற புளிப்பான சிறு சிவப்புப் பழம் என்று வரும்.

அப்புறம், வெளிநாட்டு வங்கி அட்டைகள் ஈரானில் செல்லாது. தேவையான பணத்தை ரொக்கமாகவே எடுத்துப் போங்கள். விலை சொன்னால் ரியாலா, தோமானா (பத்து ரியால் ஒரு தோமான்) என்று கேட்ட பிறகே கொடுங்கள்.