ரசீது இருக்கிறது, பணம் வராது: எஸ்.பி.ஐ.ஆர். விண்ணப்பச் செலவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் சின்னதாக ஒரு டெக் கம்பெனி வைத்திருப்பவர்களுக்கு எஸ்.பி.ஐ.ஆர். (SBIR) என்ற பெயர் அநேகமாகக் காதில் விழுந்திருக்கும். சிறு நிறுவனங்களின் ஆய்வுக்கு ஃபெடரல் அரசு நிதி தரும் திட்டம் இது. வெளியாருக்குக் கொடுக்கும் ஆய்வு நிதி ஆண்டுக்கு 10 கோடி டாலரைத் தாண்டும் ஃபெடரல் துறைகள், அதில் 3.2 சதவீதத்தைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்க வேண்டும். திட்டத்துக்கான சட்டம் 1982இல் வந்தது. கடனும் இல்லை, கம்பெனியில் பங்கும் கேட்கமாட்டார்கள். ஆனால் விண்ணப்பம் எழுதுவதற்கே நல்ல செலவாகும்.

அந்தச் செலவில் ஒரு பகுதியைச் சில மாநிலங்கள் திருப்பித் தருகின்றன. வட கரோலினாவின் ‘ஒன் நார்த் கரோலினா’ சிறுதொழில் திட்டம் நல்ல உதாரணம். அதன் ஒரு கை விண்ணப்பம் தயாரித்த செலவில் ஒரு பகுதியைத் தருகிறது, இன்னொரு கை ஃபெடரல் நிதி கிடைத்தவர்களுக்கு மேற்கொண்டு இணை நிதி தருகிறது.

‘திருப்பித் தருவது’ என்ற சொல்லைக் கவனிக்காமல் விடுவதுதான் முதல் தவறு. மாநிலம் பணம் தரப்போகிறது என்று நம்பி, கையில் காசில்லாமல் கன்சல்டன்டை அமர்த்திவிடுகிறார்கள். முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும். மாநிலப் பணம் மாதங்கள் கழித்து வரலாம். அந்த ஆண்டுக்கான நிதி தீர்ந்துபோனால் வராமலும் போகலாம். ஒப்புதலுக்கு முன்பு செய்த செலவு கணக்கில் சேருமா, உங்கள் சொந்த உழைப்புக்குக் கூலி போடலாமா, எந்த ஆவணம் கேட்பார்கள் என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கன்சல்டன்டிடம் கையெழுத்துப் போடுமுன் மாநில அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். செலவைச் சொந்தக் கிரெடிட் கார்டில் போடாமல் கம்பெனிக் கணக்கிலிருந்து கொடுங்கள். இன்வாய்ஸில் ‘ஆலோசனை’ என்று மொட்டையாக இல்லாமல் எந்த விண்ணப்பத்துக்கு, எத்தனை மணி நேரம் என்று இருக்கட்டும்.

அடுத்தது, பதிவுகளைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவது. ஃபெடரல் நிதி கேட்பவர்களுக்கான சாம் டாட் கவ் (SAM.gov) தளத்தில் பதிந்தால்தான், கம்பெனியின் அடையாள எண்ணான யு.இ.ஐ.யோடு முழுத் தகுதி வரும். அங்கே கம்பெனியின் சட்டப்பூர்வப் பெயரும் முகவரியும் ஆவணங்களோடு அச்சாகப் பொருந்த வேண்டும். வீடு மாறியிருப்பீர்கள், மாநிலப் பதிவில் பழைய முகவரியே இருக்கும். சரி, அங்கேயே நின்றுவிடும். இதற்கு மேல் சிறுதொழில் துறையான எஸ்.பி.ஏ.வில் பதிவு, விண்ணப்பம் அனுப்பும் தளமான கிராண்ட்ஸ் டாட் கவ், மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் என்.ஐ.எச். (NIH) என்றால் அதன் சொந்த விண்ணப்பத் தளமான இரா காமன்ஸ் (eRA Commons) வேறு. என்.ஐ.எச்.சே குறைந்தது ஆறு வாரம் ஒதுக்கச் சொல்கிறது. சாம் பதிவு இலவசம். அவசரம் என்று கட்டணம் கேட்டு வரும் மின்னஞ்சல்களுக்குப் பணம் அனுப்பாதீர்கள்; ஆண்டுதோறும் புதுப்பிக்க மட்டும் மறக்காதீர்கள்.

நம்மவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இது. பொதுவான விதிப்படி கம்பெனியில் பாதிக்கு மேல் அமெரிக்கக் குடிமக்கள் அல்லது கிரீன் கார்டு உள்ளவர்கள் கையில் இருக்க வேண்டும். ஹெச்-1பி விசாவில் இருக்கும் நண்பர் 60 சதவீதம் வைத்திருந்தால், விண்ணப்பம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தகுதி இல்லை. எஸ்.பி.ஐ.ஆரில் தலைமை ஆய்வாளருக்கும், நிதி கிடைக்கும் சமயத்தில் முதன்மை வேலை உங்கள் கம்பெனியில்தான் இருக்க வேண்டும். முழுநேர வேலையை விடாமல் பக்கத்தில் பார்க்கலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது.

‘ஜெயித்தால் மட்டும் இத்தனை சதவீதம்’ என்று கேட்கும் விண்ணப்ப எழுத்தாளர்களைத் தள்ளி வையுங்கள் என்பது என் அபிப்பிராயம். முன்பே செலவழித்த தொகை இல்லாதபோது மாநிலம் எதைத் திருப்பித் தரும்? விண்ணப்பம் எழுதிய செலவை ஃபெடரல் நிதியிலிருந்து தனியாக எடுத்துக் கொடுக்கவும் முடியாது.

கன்சல்டன்டுக்குப் பணம் கட்டுமுன், விண்ணப்பம் கேட்கும் துறையின் அறிவிப்பு உண்மையிலேயே திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 2025 செப்டம்பர் 30இல் இத்திட்டத்தின் சட்ட அனுமதி காலாவதியானபோது புதிய அறிவிப்புகள் நின்றுபோயின.

அப்புறம், அனுப்பும் நாள். என்.ஐ.எச்.சின் கெடு உங்கள் ஊர் நேரப்படி மாலை 5 மணி. கிராண்ட்ஸ் டாட் கவ் ‘பெற்றுக்கொண்டோம்’ என்றதும் பலர் லேப்டாப்பை மூடிவிடுகிறார்கள். விண்ணப்பம் இரா காமன்ஸுக்குப் போய், அங்கே பிழை காட்டினால் அது சமர்ப்பித்ததாகவே ஆகாது. சமர்ப்பிக்காத விண்ணப்பத்துக்கு மாநிலத்திடம் எந்த ரசீதை நீட்டுவீர்கள்? இரண்டு நாள் முன்பே அனுப்பி, இரா காமன்ஸில் பிழையில்லை என்று பார்த்து, அந்தப் பக்கத்தைப் பிடிஎஃப்பாக ரசீதுகளோடு சேர்த்து வையுங்கள்.